கடைசித் துண்டை எடுக்காத ஊரில் ஒரு டாக்டர்

ஹால்வர் ஊரில் பாதி வீடுகளின் ஃபிரிட்ஜ் கதவில் டாக்டர் லவான் ஹாகனின் சொந்தக் கைபேசி எண் ஒட்டியிருந்தது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்த அட்டை. கிளினிக் திறந்து வசந்தம் போய், கோடை போய், சோள அறுவடையும் முடிந்து பனி விழத் தொடங்கிவிட்டது. அந்த போன் மட்டும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காவின் வடகோடியில் எங்கள் மினசோட்டா மாநிலத்து ஆட்களிடம் 'கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த லவானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்துவிட்டால் சிலருக்குச் சொந்த ஊர் கொஞ்சம் மறந்துபோகிறது.

இதற்கு முன்னால், இருபது வருஷத்துக்குக் கிட்ட, அவள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு நோயாளிக்குக் கால் மணி நேரம். அதில் பாதி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கேட்கிற கேள்விகளுக்குக் கணினியில் பதில் தட்டுவதற்கே போய்விடும். நோயாளி பேசிக்கொண்டிருப்பார், இவள் அவருக்கு முதுகைக் காட்டித் தட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மளிகைக் கடையில், அவளிடம் வைத்தியம் பார்த்துவந்த வெர்னா என்ற கிழவி இவளை நேருக்கு நேர் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்து போனாள். இவள் திரும்பி முட்டையை எடுத்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அட, நம்ம டாக்டரா! பின்னந்தலையப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அழகான பின்னந்தலைம்மா உனக்கு. இத்தன நாளா அதத்தானே பாத்துட்டிருந்தேன்."

வெர்னா கிண்டல் பண்ணவில்லை, மனதாரப் பாராட்டினாள். அதனால்தான் லவானுக்கு அது ஒரு வாரம் வலித்தது.

வீட்டுக்கு வந்தாலும் வேலை விடாது. கராஜுக்குள் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போனால் தூங்கிவிடுவோம் என்று பயந்து, காரிலேயே மடிக்கணினியை விரித்து அன்றைய பாக்கியை எழுதுவாள். அவள் புருஷன் கர்ட்டிஸ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக்கொடுக்கிறவன், அதிகம் பேசாதவன். சாப்பாட்டுத் தட்டைக் காருக்கே கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவான். ஒரு சாயங்காலம் தட்டை நீட்டிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான்.

"லவான், நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது உன்னையா, இந்தக் காரையா?"

அவள் சிரிக்கப் போய், சிரிப்பு வராமல், உருளைக்கிழங்கின் மேல் கண்ணீர் விட்டாள். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஹால்வர் கடைத்தெருவில் மூடிக்கிடந்த செருப்புக் கடையைப் பிடித்துக் கிளினிக் ஆக்கினாள். செருப்பு போட்டுப் பார்க்கிற பழைய பெஞ்சுகள்தான் காத்திருக்கிறவர்களுக்கு. ஏற்பாடு எளிது. சேர்ந்தவர்கள் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கட்டிவிட வேண்டும், உடம்புக்கு வந்தாலும் வராவிட்டாலும். நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதால் பதில் தட்டவும் வேண்டியதில்லை. சில நூறு பேருக்கு மேல் சேர்க்கமாட்டாள். வந்தவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், வர முடியாவிட்டால் இவளே போய்ப் பார்ப்பாள்.

லவானுக்கு உடம்பு தேறியது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, சுமாராகத்தான் என்றாலும், பாடினாள். கராஜில் கார் மட்டும் தனியாக நின்றது.

ஆனால் நோயாளிகள் வரவில்லை. சேர்ந்தார்கள், மாதாமாதம் தவறாமல் கட்டினார்கள், வருஷப் பரிசோதனைக்கு ஒருமுறை வந்து பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் "மோசமில்லை" என்றார்கள். இங்கே ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தாலும் அதுதான் பதில். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். லவான் பழைய செருப்புக் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள், பனிக்காலத்தில் அதற்கும் வழியில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்குக் காசு சேர்க்க வீடு வீடாகப் பாப்கார்ன் விற்று வருவார்களே, ஊரில் ஒருவர் விடாமல் வாங்குவார்களே, அப்படித்தான் என்னையும் வாங்கியிருக்கிறார்களோ? சாப்பிடுவதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. பாவம், பிள்ளை வாசலில் நிற்கிறது என்று வாங்குவார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டார். உங்கள் பழைய அறை அப்படியே இருக்கிறது, மாத முடிவுக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். லவான் அன்று சாப்பிடும்போது கர்ட்டிஸிடம் சொன்னாள்.

"போயிடலாமான்னு பாக்குறேன். இங்க நான் யாருக்கும் தேவையில்ல கர்ட்டிஸ். தர்மத்துக்குக் காசு கட்டுறாங்க. அத வாங்கிச் சாப்பிட எனக்கு வெக்கமா இருக்கு."

"மறுபடி கார்லயா சாப்பிடப் போற?"

"இங்க சும்மா உக்காந்து சாப்பிடுறதுக்கு அது தேவலாம்."

கர்ட்டிஸ் என்னமோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பரீட்சைத் தாள் மாதிரி உற்றுப் பார்த்தான். அவன் எதையோ மறைக்கும்போது அப்படித்தான் பார்ப்பான் என்று லவானுக்குத் தெரியும். ஆனால் அன்று அதைத் தோண்டிக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழக்கமான காபி. பெரிய தட்டில் எலுமிச்சை கேக் வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம் அல்லவா? ஆசை தாங்காதவர் அதில் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. அப்படியே போய்க் கடைசியில் நகத்தளவு ஒரு துணுக்கு காய்ந்துபோய்த் தட்டில் கிடக்கும், கழுவுகிறவர் அதைக் குப்பையில் போடுவார். லவான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றும் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய நல்ல பனி. பனி விழுந்த காலைகளில் அவள் கிளினிக் வாசலை யாரும் கேட்காமலே சுத்தம் செய்கிறவர் ஆர்விட் ஸ்கோகன். எழுபதைத் தாண்டியவர், மாடு வைத்திருப்பவர், லவானின் அப்பாவோடு பள்ளியில் படித்தவர். இவள் வருவதற்குள் டிராக்டரில் பனியைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, கீழே இறங்கி, கதவுப் படியை மட்டும் மண்வாரியால் கையால் அள்ளி, உப்பும் தூவிவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்லக்கூட ஆள் கிடைக்கமாட்டார்.

அன்று காலை டிராக்டர் தள்ளிய தடம் சுத்தமாக இருந்தது. படியில் மட்டும் பனி முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது.

லவான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தாள். பழைய வேலையாக இருந்தால் இந்த நேரம் அவள் நாலாவது நோயாளிக்குத் தட்டிக்கொண்டிருப்பாள், படியில் யானையே படுத்திருந்தாலும் தாண்டிப் போயிருப்பாள். இன்று மத்தியானம் வரை அவளை யாரும் தேடப்போவதில்லை. பையை எடுத்துக்கொண்டு மறுபடி காரில் ஏறினாள்.

ஸ்கோகன் பண்ணைக்குப் போகிற பாதை அந்தப் பண்ணையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் வயலும் வானமும்தான்.

"இந்தப் பனியில எங்கம்மா கிளம்பிட்ட?" என்றாள் ஆர்விட்டின் மனைவி மார்லிஸ், கதவைத் திறந்தபடி.

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்."

அந்தப் பக்கமாக யாரும் எங்கும் போக முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மார்லிஸ் நாகரிகமானவள், விட்டுவிட்டாள்.

"காபி?"

"வேண்டாம், சிரமப்படாதீங்க."

"போட்டு வெச்சதுதான்."

"இப்பத்தான் குடிச்சேன் மார்லிஸ்."

"அரைக் கப்பு."

"சரி, அரைக் கப்பு."

முழுக் கப்பு வந்தது. மூன்றாம் தடவைக்கு முன்னால் ஒத்துக்கொண்டால் இங்கே பேராசைக்காரி என்று பெயர். ஆர்விட் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அதையும் லவான் மனதில் குறித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கீங்க ஆர்விட்?"

"மோசமில்லை."

"தூக்கமெல்லாம்?"

"வருது."

"வாசல்ல பனி தள்ளியிருக்கீங்க. ரொம்ப நன்றி."

"நான் எங்க தள்ளுனேன், டிராக்டர் தள்ளுச்சு."

பனியைப் பற்றிப் பேசினார்கள், மாடுகளைப் பற்றிப் பேசினார்கள், பக்கத்துப் பண்ணைக்காரன் வாங்கிய தேவையில்லாத புது டிராக்டரைப் பற்றிப் பேசினார்கள். நேராகக் கேட்டால் இவரிடமிருந்து ஒன்றும் வராது என்று லவானுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் முக்கியமான விஷயத்தை உட்கார்ந்துகொண்டு சொல்லமாட்டார்கள். விடைபெறும்போதுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்திருப்பார்கள். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் அவர்கள் வந்ததே. ஆனால் அதற்குள் அவளுக்கு அடுத்த அறைக்கு நேரமாகியிருக்கும்.

அதனால் லவான் முழங்காலைத் தட்டிக்கொண்டு, "சரி, அப்ப நான் கிளம்புறேன்," என்று எழுந்தாள்.

ஹால்வரில் விடைபெறுவது ஒரு தனி வேலை. மேஜையருகே ஒருமுறை, கோட்டு மாட்டும்போது ஒருமுறை, வாசலையொட்டிய பூட்ஸ் அறையில் நின்று வானிலை பற்றி ஒருமுறை, பிறகு காரருகே வந்து கதவு திறந்தபடி ஒருமுறை. அவசரக்காரியாக இருந்த லவான் இப்போது ஒரு படியையும் விடவில்லை. மார்லிஸ் பூட்ஸ் அறையோடு நின்றுகொண்டாள். ஆர்விட் மெதுவாகக் காருக்கு வந்தார். காரின் கூரையில் கை வைத்தார். அவள் உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், கண்ணாடியில் படிந்த பனியைத் தட்டுகிற மாதிரி பாவனை செய்தாள்.

"அந்தப் படிய இன்னிக்கு விட்டுட்டேன்," என்றார்.

"அதுக்கென்ன."

"மறுபடி கொட்டும் போலருக்கு."

"ஆமா. மேற்க கறுத்திருக்கு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மேற்கே பார்த்தார்கள்.

"மண்வாரிய எடுத்தா இங்க கொஞ்சம் இறுக்குது," என்றார் ஆர்விட். சட்டைப் பொத்தானைக் காட்டுகிற மாதிரி கையுறையால் நெஞ்சைத் தொட்டார். "பெருசா ஒண்ணுமில்ல."

"எப்பலேர்ந்து?"

"போன மாசம் மான் வேட்டை சமயத்துலேர்ந்து இருக்கும்."

"சும்மா உக்காந்திருக்கும்போது வருதா?"

"முன்னெல்லாம் வராது."

"இப்ப?"

"காலையில ஓட்ஸ் கஞ்சி சாப்பிடும்போது வந்துச்சு." அவர் தொண்டையைச் செருமினார். "இப்பக்கூட இருக்கு, கொஞ்சம்."

அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. லவான் பையை எட்டி எடுத்தாள். அவள் காரை விட்டு இறங்கிய வேகத்தைப் பார்த்து மார்லிஸ் பூட்ஸ் அறையிலிருந்து செருப்போடு பனியில் ஓடிவந்தாள். இருவரும் அவரைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். லவான் பையிலிருந்த சின்ன ஈசிஜி கருவியை வைத்துப் பார்த்தாள், ஒரு தடவை பார்த்ததே போதுமாக இருந்தது. ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"ஆம்புலன்ஸா! வேணாம்மா," என்று ஆர்விட் பதறினார். நெஞ்சுவலிக்குக்கூட அவர் அப்படிப் பதறவில்லை. "சம்பளமில்லாம அத ஓட்டுறவன் ராய்ஸ்தான். விதைக்கடைய சாத்திட்டு வரணும், அவனுக்கு இன்னிக்குச் சரக்கு வர்ற நாள். வேற யாருக்காவது நெசமாவே தேவப்பட்டா? மாட்டுக்குத் தீனி வெச்சிட்டு மார்லிஸ் கூட்டிட்டுப் போகட்டும்."

"ஆர்விட், வாய மூடிக்கிட்டு அந்த மாத்திரைய மெல்லுங்க."

லவான் யாரையும் அப்படி அதட்டி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஆர்விட் மென்றார்.

அவளும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். போகிற வழியில், வருஷப் பரிசோதனைக்கு மத்தியானம் வர வேண்டியவர்களைப் போனில் கூப்பிட்டு, இன்று பார்க்க முடியாது என்றாள். அவரவரும் "அய்யோ, நீ போம்மா, எங்களுக்கு என்ன அவசரம்," என்று இவளிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்கள். அதே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான். இதய டாக்டரிடம் ஆர்விட்டின் கதையை அவள் நேரில் சொன்னாள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் அந்த டாக்டர்.

மார்லிஸோடு வெளியே நாற்காலியில் காத்திருந்தபோது லவானுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில், கணினி முன்னால் உட்கார்ந்ததை விட்டால், இந்தக் கட்டடத்தில் அவள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. எங்கே போனாய் என்று கேட்டு அவளை இப்போது யாரும் கூப்பிடவில்லை. மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடிந்தது. இதற்குத்தான் டாக்டருக்குப் படித்தேன் என்று நினைத்தாள், நெஞ்சு நிறைந்துபோனது.

ஆனால் கோபமும் வந்தது.

"ஏன் மார்லிஸ் என்னைக் கூப்பிடல? எண் உங்க ஃபிரிட்ஜ்லதானே இருக்கு?"

மார்லிஸ் மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"சொல்லக்கூடாதுன்னு பேச்சு," என்றாள். "போன குளிர்காலத்துல கர்ட்டிஸும் ஆர்விட்டும் உறஞ்ச ஏரியில குடிசை போட்டு மீன் பிடிக்கப் போனாங்கல்ல. நீ கார்லயே உக்காந்து வேல பாக்குறே, தட்டக் காருக்கே கொண்டாந்து குடுக்குறேன்னு கர்ட்டிஸ் சொன்னானாம். சொல்லிட்டுக் கையுறையால கண்ணத் தொடச்சானாம். ஆர்விட் வந்து என்கிட்ட சொன்னாரு. நான் ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன்."

அந்த இரண்டு பேர் என்றால் ஹால்வர் முழுக்க என்று அர்த்தம்.

"நீ இங்க தொடங்குனப்ப எல்லாரும் பேசிக்கிட்டோம். சேந்துருவோம், காசக் கட்டிருவோம், ஆனா புள்ளையத் தொந்தரவு பண்ணக் கூடாது, கொஞ்ச நாள் அது ஓய்வெடுக்கட்டும்னு. உயிர் போற விஷயம்னா மட்டும் கூப்பிடலாம்னு."

"இது உயிர் போற விஷயம்தான் மார்லிஸ்!"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ பாத்துச் சொன்னாத்தானே தெரியும்."

லவான் கைக்குட்டையைத் தேடினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கைச் சிந்தினாள். தர்மம் என்று அவள் நினைத்தது சரிதான், ஊரே சேர்ந்து தர்மம் செய்திருக்கிறது. ஆனால் அவளுக்குக் கொடுத்தது காசு அல்ல, ஓய்வு. வலியை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு கொடுத்திருக்கிறார்கள். இவர்களைக் கட்டிப்பிடிப்பதா, அறைவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கேயே தாழ்வாரத்தில் நின்று மேலாளரைக் கூப்பிட்டாள்.

"அந்த அறைய வேற யாருக்காவது குடுத்துருங்க."

"அங்கே அவ்வளவு வேலையா டாக்டர்?"

"எங்க ஊர்ல எல்லாரும் ரொம்ப மரியாதைக்காரங்க. கொஞ்சம் கண்ண எடுத்தா செத்துப்போயிடுவாங்க."

வீட்டுக்கு வந்து கர்ட்டிஸைப் பிடித்தாள். "மீன் மாட்டலன்னா உனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றாள். அவன் காது மடல்வரை சிவந்து, "பனிமேல போட்ட குடிசைக்குள்ள சொன்னது வெளிய வராதுன்னு நினைச்சேன்," என்றான். அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அங்கேயே முத்தமும் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஆர்விட் மெலிந்துபோய், கம்பளிக்குள் முங்கி, தேவாலயத்துக்கு வந்தார். காபி நேரத்தில் லவான் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். கல்யாணத்தில்கூட வாய் திறக்காதவள் இப்படித் தட்டியதும் எல்லாரும் அவரவர் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு," என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ஆஸ்பத்திரியில நான் ஓஞ்சுபோனது உங்களப் பாத்துப் பாத்து இல்ல. உங்களப் பாக்க முடியாமப் போனதாலதான். இப்ப எனக்கு நேரம் இருக்கு. அத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? என்னைத் தட்டுல இருக்குற கடைசித் துண்டு மாதிரி சுத்திச் சுத்தி வராதீங்க. உள்ள இன்னும் ஒரு தட்டு நெறைய இருக்கு. எடுத்துக்கோங்க."

ஒருவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். ஒருவர் இருமினார். காபிப் பாத்திரம் கொதிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் உருகிப்போனால் இவ்வளவுதான் தெரியும்.

அப்போது ஆர்விட் எழுந்தார். மேஜை வரை மெதுவாக நடந்தார். எலுமிச்சை கேக் தட்டில் ஒரே ஒரு துண்டு இருந்தது, பக்கத்தில் பாதியாக வெட்டக் கத்தியும் இருந்தது. அவர் கத்தியைத் தொடவில்லை. ஊர் மொத்தமும் பார்த்திருக்க, முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டார்.

"ஆர்விட்!" என்றாள் மார்லிஸ், உயிர் போன மாதிரி.

"டாக்டர் எடுத்துக்கச் சொன்னாங்க," என்றார் அவர், வாய் நிறைய.

"நான் கேக்கைச் சொல்லல!" என்று லவான் கத்தினாள். "உங்களுக்கு வெண்ணெயே ஆகாது!"

அதற்குப் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுகளை மாட்டிக்கொண்டு, மேஜையருகே ஒருமுறை, மாடிப்படியருகே ஒருமுறை என்று விடைபெற ஆரம்பித்தார்கள். கர்ட்டிஸ் காரைச் சூடுபண்ணப் போகலாம் என்று கையுறையை மாட்டினான். வெர்னா மட்டும் படியேறாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா," என்றாள். "வேற யாருக்காவது அவசரம்னா அவங்களப் பாரு. என் கால் விரல் ஒண்ணு கொஞ்ச நாளா மரத்துப்போயே கெடக்கு."

லவான் கோட்டைக் கழற்றினாள். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். கர்ட்டிஸ் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனான். வெர்னா உட்கார்ந்து, விரலில் ஆரம்பித்து, செத்துப்போன புருஷனுக்குப் போய், மறுபடி விரலுக்கு வந்தாள். லவான் அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.